42 எச்.பி. வண்டியும் ஆறரை அடிப் பாதையும்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு போகிற ரோட்டில் கொஞ்ச தூரம் வந்து உள்ளே திரும்பினால் எங்கள் கொல்லை. மொத்தம் நாலே முக்கால் ஏக்கர். அதில் இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு, அப்பா வைத்தது. பெரும்பாலும் பெங்களூரா, கிணற்று ஓரம் மட்டும் நாலைந்து செந்தூரா. ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம்; தக்காளியும் ராகியும் மாறி மாறி வரும். மீதி முக்கால் ஏக்கர் மேட்டுக்கொல்லை. கொள்ளையும் அவரையையும் தவிர வேறு எதற்கும் அது மனது வைத்ததில்லை.

ஓசூரில் ஒரு கம்பெனியின் மெஷின் ஷாப்பில் பதினேழு வருடம் இருந்துவிட்டு 2019-ல் ஊருக்குத் திரும்பினேன். மைக்ரோமீட்டரும் கையுமாக இருந்தவன். அப்படிப்பட்டவன் டிராக்டர் வாங்கப் போன அன்று நூறு ரூபாய் டேப் ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகவில்லை. அந்தக் கதைதான் இது.

சொந்த வண்டி வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் பெருமை இல்லை, பதம். எங்கள் மண் சரளை கலந்த செம்மண். நல்ல மழை பெய்தால் இரண்டாம் நாள் சேறு, மூன்றாம் நாளும் நாலாம் நாளும் உழவுக்குப் பதம், ஐந்தாம் நாள் இறுக ஆரம்பித்துவிடும். ஊரில் எல்லாருக்கும் அதே மழை, அதே மூன்றாம் நாள். வாடகை வண்டிக்காரரைக் கூப்பிட்டால், "அண்ணா, உங்களுக்கு முன்னாடி எட்டுப் பேர் இருக்காங்க" என்பார். அவர் மேல் தப்பில்லை. எட்டுப் பேரை முடித்துவிட்டு ஆறாம் நாள் வருவார். கலப்பை மேலே கீறிக்கொண்டு போகும், மண் கட்டி கட்டியாகப் பெயரும். 2019 ஆடியில் அப்படி உழுத நிலத்தில் விதைத்த ராகி, திட்டுத் திட்டாகத்தான் முளைத்தது.

சரி, வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். சித்தப்பாவிடம் யோசனை கேட்டதுதான் முதல் தப்பு. "வாங்குறது வாங்குற, பெருசா வாங்குடா. நாலு பேரு வாடகைக்குக் கூப்புடுவாங்க, வண்டி அதுவே கடன அடச்சிக்கும்" என்றார். எங்கள் பக்கம் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் மஹிந்திரா 275-ஓ மெஸ்ஸி 241-ஓ கண்ணில் படும். 39, 42 எச்.பி. வண்டிகள். கூட்டத்தோடு போவது தப்பாகத் தெரியவில்லை. 2020 தையில், பத்து வருடம் ஓடிய ஒரு 42 எச்.பி. வண்டியைப் பழசாக வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. வண்டி மேல் குற்றமில்லை, பார்த்த கண்ணில்தான் குற்றம்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்காக நான் கோட்டை விட்டதைச் சொல்லிவிடுகிறேன். நான் போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. சாவியைத் திருப்பியதும் சட்டென்று பிடித்தது, எனக்குச் சந்தோஷம். அது சந்தேகப்பட வேண்டிய இடம். சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போய், எஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்து, சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்ல வேண்டும். கிளப்பும்போது கொஞ்சம் கரும்புகை வருவது சகஜம். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உள்ளிருந்து புகை குபுகுபுவென்று அடிக்கக் கூடாது. அடித்தால் எஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்புறம் லிஃப்ட், பின்னால் மாட்டிய கருவியைத் தூக்கி இறக்குகிற அமைப்பு. கலப்பையை மாட்டித் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும். என் வண்டியில் டீ ஆறுவதற்குள் கலப்பை தரையைத் தொட்டது, வாங்கி வீட்டுக்கு வந்த பிறகு. லிஃப்ட் பிரித்துச் சரிசெய்ததில் ஒரு மாதம் போயிற்று. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தால் கிங்பின் (முன்சக்கரம் திரும்புகிற அச்சாணி) ஆட்டம் தெரியும், அதையும் நான் பார்க்கவில்லை.

ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் பெயர் இருந்தது. "அதெல்லாம் எப்பவோ கட்டி முடிச்சாச்சுங்க" என்றார் விற்றவர். கட்டி முடித்திருந்தார்தான். ஆனால் கடன் கொடுத்த இடத்தில் தடையில்லாச் சான்றும், கையெழுத்துப் போட்ட 35-ஆம் எண் படிவமும் வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்தால்தான் அந்தப் பெயர் நீங்கும். அது நீங்காமல் 29, 30 படிவம் போட்டுப் பெயர் மாற்றப் போனால் திருப்பி அனுப்புவார்கள். மூன்று தடவை அலைந்தேன். பணத்தின் கடைசிப் பங்கை ஆர்.சி. சுத்தமாகக் கைக்கு வந்த பிறகு கொடுப்பதாகப் பேசியிருந்தால், அலைச்சல் அவருடையதாக இருந்திருக்கும்.

இதெல்லாம் பணத்தோடு போயிற்று. பெரிய கூத்து வண்டி கொல்லைக்கு வந்த அன்றுதான். ரோட்டிலிருந்து எங்கள் கொல்லைக்குள் நுழைகிற இடத்தில் பக்கத்துக் கொல்லைக்காரர் வேலிக்குக் கருங்கல் கம்பம் நட்டிருக்கிறார். நம் மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்! இந்தப் பக்கம் எங்கள் கிணற்று மேடு. நடுவில் ஆறரை அடி. வண்டி பின்டயர் அகலத்தோடு தட்டுத் தடுமாறி நுழைந்துவிட்டது. பின்னால் மாட்டியிருந்த ஒன்பது கொழுக் கலப்பை ஏழு அடியை ஒட்டி இருக்கும். அது கம்பத்தில் 'டங்'கென்று மோதிய சத்தத்துக்கு அவர் வீட்டு நாய் ஓடி வந்தது, பின்னாலேயே அவரும் வந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு உழவுக்கும் கலப்பையைத் தனியாக டிரெய்லரில் ஏற்றிக் கொண்டு வந்து, உள்ளே வைத்து மாட்டினோம். இரண்டு ஆள், அரை மணி நேரம்.

தோப்புக்குள் அதைவிட மோசம். மரத்துக்கு மரம் முப்பது அடி இருக்கிறதே, பெரிய வண்டி தாராளமாகப் போகுமே என்று நினைத்தேன். முப்பது அடி என்பது தூருக்குத் தூர். இருபத்தைந்து வயது பெங்களூரா மரத்தின் கிளைகள் நடுவில் வந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். பெங்களூரா கிளை தாழ்ந்து தொங்குகிற சாதி. 42 எச்.பி. வண்டியின் சைலன்சர் பானட்டுக்கு மேலே நெட்டுக்குத்தாக நிற்கிறது. தை மாசியில் பூ எடுத்திருக்கும்போது உழவு ஓட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். மருந்தடிக்கப் போய்த்தானே ஆக வேண்டும்? மருந்து டேங்கை இழுத்துக்கொண்டு ஒரு வரிசை போய் வந்து திரும்பிப் பார்த்தால், சைலன்சர் போன தடத்தில் பூங்கொத்துகள் கருகித் தொங்கின. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கீழே கிடந்த ஒரு கொத்தை எடுத்து டயர் மேல் வைத்துவிட்டுப் போனார்.

ரோட்டாவேட்டர் விஷயத்தில் நிலத்தைப் பற்றி ஒன்று புரிந்தது. பெரிய வண்டி இருக்கிறதே என்று, சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்குகிற ரோட்டாவேட்டர் ஒன்றும் ஐந்தடி அகலத்தில் வாங்கியிருந்தேன். கிணற்றுப் பாசனக் கொல்லையில் அழகாக ஓடியது, மண் மாவு மாதிரி வந்தது. அதே ஜோரில் மேட்டுக்கொல்லைக்கு ஏற்றினேன். பத்து நிமிடத்தில் மூன்று கத்தி போயிற்று, ஒன்று வளைந்து பக்கத்துத் தகட்டில் உரசியது. பூமிக்குள் புதைந்த கல் உள்ள இடத்தில் ரோட்டாவேட்டர் வேலைக்காகாது. அங்கே ஸ்பிரிங் வைத்த கொக்கிக் கலப்பைதான் சரி. கல்லில் பட்டால் கொக்கி பின்னுக்கு மடங்கி ஏறி, தாண்டியதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். வாங்கப் போகும்போது ஸ்பிரிங் இல்லாத விறைப்புக் கலப்பையையும் காட்டுவார்கள், விலை குறைவு. நம் பூமிக்கு வேண்டாம்.

2021 முழுக்க ஒரு பழைய டைரியில் எழுதி வைத்தேன்: தேதி, என்ன வேலை, எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர் டீசல். வாங்குவதற்கு முந்தின வருடம் வாடகை வண்டியை வைத்தே இதை எழுதியிருக்க வேண்டும். வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் என் கொல்லை வேலை 112 மணி நேரம். இதில் தோப்பு உழவு, மருந்து, டிரெய்லர் இழுவை என்று சின்ன வேலைகளே 80 மணி நேரத்துக்கு மேல். பெரிய வண்டியின் முழு பலமும் தேவைப்பட்டது கோடை உழவின்போது மட்டும், எட்டு மணி நேரம். எட்டு மணி நேரத்துக்காக வருடம் முழுக்க ஏறக்குறைய 1,800 கிலோ இரும்பைத் தோப்புக்குள் உருட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். வாடகைக்கு நாலு பேர் கூப்பிடுவார்கள் என்றாரே சித்தப்பா, அவர்கள் கூப்பிட்டார்கள். எப்போது? மழை பெய்த மூன்றாம் நாள். எனக்கும் அன்றைக்குத்தான் வேலை.

அந்த 112 மணி நேரத்தை அப்போதைய வாடகையில் பெருக்கினால் ஒன்றே கால் லட்சத்தை எட்டவில்லை. டீசல், டிரைவர் எல்லாம் வாடகைக்காரர் செலவு. சொந்த வண்டிக்குத் தவணை, டீசல், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் அதைத் தாண்டிவிடும். ஆக, காசுக் கணக்கு மட்டும் பார்த்தால் ஐந்து ஏக்கருக்குள் உள்ளவர் டிராக்டர் வாங்கவே கூடாது. மூன்று ஏக்கருக்குக் கீழே, தோப்பு இல்லாமல் காய்கறி மட்டும் என்றால் கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிற பவர் டில்லரோ, களையெடுக்கிற பவர் வீடரோ போதும் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். எனக்குப் பதம் தப்புவதன் நஷ்டம் பெரிசாக இருந்தது, அதனால் வாங்கினேன். உங்களுக்கு அப்படி இல்லையென்றால் வேளாண்மைப் பொறியியல் துறையே டிராக்டரும் கருவிகளும் வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியில் பதிந்து கேட்கலாம். அங்கேயும் மூன்றாம் நாள் கூட்டம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2022 கார்த்திகையில் பெரிய வண்டியை அரூர் பக்கம் ஒருவருக்குக் கொடுத்தேன். பன்னிரண்டு ஏக்கர் சமதளம், மரவள்ளி போடுகிறவர். அவருக்கு அது சரியான வண்டி, லிஃப்ட் நான் சரிசெய்து வைத்தது. அடுத்ததை வாங்கும் முன் டேப்பும் டைரியுமாக ஒரு வாரம் கொல்லையைச் சுற்றினேன். நுழைகிற பாதை ஆறரை அடி. தோப்பில் மிகத் தாழ்ந்த கிளை தரையிலிருந்து எவ்வளவு உயரம். தக்காளி பாத்திக்குப் பாத்தி எவ்வளவு அகலம். வரப்பில் திரும்ப எவ்வளவு இடம். இந்த நாலு அளவையும் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஷோரூம் போனால் விற்பனையாளர் பேச்சு பாதியாகக் குறைந்துவிடுகிறது.

அளந்து பார்த்ததில் 24-இலிருந்து 28 எச்.பி. வரையில், நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டிதான் பொருந்தியது. குபோட்டா பி2441, மஹிந்திரா ஜீவோ 245 இரண்டும் 24 எச்.பி., இந்த வகையில் நம் பக்கம் அடிக்கடி பேசப்படுபவை. முன்னதில் மூன்று சிலிண்டர், பின்னதில் இரண்டு. எது வாங்கினேன் என்று கேட்காதீர்கள், உங்கள் கொல்லை அளவு வேறு. எச்.பி. என்று நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடுவது எஞ்சின் எச்.பி. ரோட்டாவேட்டரையும் மருந்து பம்பையும் சுற்றுவது பி.டி.ஓ., வண்டிக்குப் பின்னால் இருக்கிற சுழல் தண்டு. அதற்கு வந்து சேர்கிற எச்.பி. எப்போதும் குறைவு. நான் பார்த்த 24 எச்.பி. வண்டிகளின் விவரத்தாளிலேயே பி.டி.ஓ. பலத்தில் நாலைந்து எச்.பி. வித்தியாசம் இருந்தது. அடுத்து லிஃப்ட் எவ்வளவு தூக்கும்: இந்த அளவு வண்டிகளில் 750 கிலோ என்று போட்டிருப்பார்கள். மூன்றரை அடி ரோட்டாவேட்டருக்கும் ஐந்து கொழுக் கலப்பைக்கும் அது தாராளம்.

கிளட்ச்சைப் பற்றி யாரும் என்னிடம் முன்பு சொன்னதில்லை. சிங்கிள் கிளட்ச் வண்டியில் கியர் மாற்ற மிதித்தால் பின்னால் ரோட்டாவேட்டரும் சேர்ந்து நின்றுவிடும். திரும்ப விடும்போது மண்ணுக்குள் புதைந்த கத்தி திடீரென்று சுழல ஆரம்பிக்கும், வண்டி உலுக்கும். டூயல் கிளட்ச்சில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், பி.டி.ஓ. சுற்றிக்கொண்டே இருக்கும். ரோட்டாவேட்டர் அதிகம் ஓட்டுகிறவர்கள் இதைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். உழவு, டிரெய்லர் மட்டும் என்றால் சிங்கிளே போதும்.

நான்கு சக்கர இழுவை ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன். ஒரு டன்னுக்கும் குறைவான வண்டிக்கு எடை போதாது, பின்சக்கரம் மட்டும் இழுத்தால் ஈரத்திலும் மேட்டிலும் சறுக்கும். முன்சக்கரமும் இழுத்தால்தான் மேட்டுக்கொல்லைக்கு மானமாக ஏறுகிறது. ஆனால் தார்ரோட்டுக்கு வந்ததும் முன் இழுவையை எடுத்துவிட வேண்டும். மண்ணில் கொஞ்சம் சறுக்கிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டு முன்சக்கரத்தைச் சற்றே வேகமாகச் சுற்றும்படி அமைத்திருக்கிறார்கள். தார்ரோட்டில் சறுக்க இடமில்லை, டயர் தேயும். முதல் நாலு மாதம் தெரியாமல் ஓட்டி முன்டயர் பட்டையைத் தேய்த்த பிறகுதான் இது எனக்குத் தெரியும்.

சின்ன வண்டியின் குறையையும் சொல்ல வேண்டும். 2023 ஆனி. நாற்பது பெட்டி மாங்காய், ஒரு டன்னை ஒட்டி இருக்கும், டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினேன். எங்கள் பாதை கடைசியில் நல்ல சரிவு. காலையில் தோப்பில் குறுகத் திரும்புவதற்காக, இடது வலது பின்சக்கரத்துக்குத் தனித்தனியாக இருக்கிற இரண்டு பிரேக் பெடலையும் இணைக்கும் கொக்கியைக் கழற்றி வைத்திருந்தேன், திரும்ப மாட்ட மறந்துவிட்டேன். சரிவில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தது. பாதி வழியில் பிரேக்கில் கால் வைத்தேன், கால் பட்டது வலது பெடலில் மட்டும். வண்டி வலது பக்கம் வெட்டித் திரும்பியது. மட்கார்டு மேல் உட்கார்ந்திருந்த பையன் குதித்துவிட்டான். டிரெய்லர் ஒரு பக்கம் மடங்கி, புளியமரத்தில் சாய்ந்து நின்றது. பையனுக்கு முழங்காலில் சிராய்ப்பு, மாங்காய் பாதி பள்ளத்தில். பெரிய வண்டியாக இருந்திருந்தால் தன் எடையிலேயே அந்த டிரெய்லரைப் பிடித்திருக்கும். இப்போது இருபத்தைந்து பெட்டிக்கு மேல் ஏற்றுவதில்லை. சரிவுக்கு முன்பே சின்ன கியருக்கு வந்துவிடுவேன், நடுவில் கிளட்ச் மிதிப்பதில்லை. தோப்பை விட்டு வெளியே வரும்போது முதல் வேலை பிரேக் கொக்கி. மட்கார்டில் யாரையும் ஏற்றுவதில்லை. சித்தப்பாவையும்தான், அவருக்கு அதில் வருத்தம்.

விலைக்கு வருவோம். கருவிகளைச் சேர்க்காமல் ஆறு லட்சத்தை ஒட்டி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. எனக்கு 12 போட்டார்கள், அந்த வயிற்றெரிச்சல் தனி. ரோட்டாவேட்டருக்கு மானியம் வாங்கினேன். அப்போது மத்திய அரசுத் திட்டத்தில் சிறு குறு விவசாயி, பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 வரை. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. முதலில் விண்ணப்பம், ஆணை வந்த பிறகுதான் வாங்க வேண்டும். கடையில் வாங்கிவிட்டுப் பில்லோடு போனால் கிடைக்காது. சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று மூன்றையும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தாலுகா ஆபீஸ் நடைதான் இதில் அதிக நாள் எடுக்கும்.

வாங்கும் இடத்தில் பத்தாயிரம் குறைக்கிறார்கள் என்பதைவிட, வண்டி நின்றால் மெக்கானிக் எவ்வளவு நேரத்தில் கொல்லைக்கு வருவார் என்று பாருங்கள். நான் ஷோரூமில் கேட்கவில்லை. அதே மாடல் வைத்திருந்த ராயக்கோட்டை சாமந்திக்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். "கிளட்ச் பிளேட்டுக்கு ஒன்பது நாள் காத்துக் கிடந்தேன்ணா, அதத் தவிர குறையில்ல" என்றார். எந்த விவரத்தாளிலும் இல்லாத விஷயம் அது.

சின்ன வண்டியால் முடியாதது ஒன்று இன்னும் பாக்கி. வருடக்கணக்காக ஒரே ஆழத்தில் ரோட்டாவேட்டரும் கலப்பையும் ஓடினால் அதற்குக் கீழே மண் இறுகித் தட்டு மாதிரி ஆகிவிடுகிறது. மழைத்தண்ணீர் அதற்கு மேலேயே நின்று வழிந்தோடும், வேரும் இறங்காது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை உளிக்கலப்பை போட்டு ஒன்றே கால் அடி ஆழத்துக்குக் கீறிவிட வேண்டும் என்பார்கள். அதை இழுக்க 35, 40 எச்.பி. வேண்டும். அதற்கு மட்டும் பெரிய வண்டியை வாடகைக்குக் கூப்பிடுகிறேன். கோடையில், யாருக்கும் அவசரமில்லாத நாளில், சொன்ன நேரத்துக்கு வருகிறார்.

இந்தச் சித்திரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். நுழைகிற இடத்தில் ஒரே ஒரு கம்பத்தை ஓர் அடி தள்ளி நட்டுக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது, செலவு என்னுடையது என்று பக்கத்துக் கொல்லைக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். அந்தக் கம்பத்தில் 'டங்'கென்று பட்ட தழும்பைத் தடவிக் காட்டிவிட்டு, "யோசிச்சிச் சொல்றேன்பா" என்றார்.